மோட்டார் மாற்றியதும் பிரேக் மிதி இறுகிப்போனதற்கு

பழைய காரில் பெட்ரோல் எஞ்சினை எடுத்துவிட்டு மின்மோட்டார் வைத்ததிலிருந்து பிரேக் மிதி கல் மாதிரி இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். மிதியின் அழுத்தத்தை பிரேக் ஆயிலுக்குக் கடத்தும் மாஸ்டர் சிலிண்டரைக் கழற்ற அவசரப்படாதீர்கள். கால் அழுத்தத்தை வெற்றிடத்தின் உதவியால் பெருக்கிக் கொடுப்பது பிரேக் பூஸ்டர். உங்கள் பூஸ்டருக்கு எஞ்சினுக்குள் காற்று போகும் குழாயான இன்டேக் மேனிஃபோல்டிலிருந்துதான் வெற்றிடம் கிடைத்துக்கொண்டிருந்தது. எஞ்சினோடு அதுவும் போய்விட்டது. இப்போது முழுக்க உங்கள் கால் பலம்தான்.

12 வோல்ட் வேக்குவம் பம்ப், வெற்றிடத்தைச் சேமித்துவைக்க ஒரு சின்ன டேங்க், வெற்றிடம் குறைந்தால் பம்பை ஓடவிடும் ஸ்விட்ச், இவ்வளவுதான் தேவை. டேங்கை மட்டும் தவிர்க்காதீர்கள். அது இல்லையென்றால் ஒவ்வொரு மிதிக்கும் பம்ப் ஓடி ஓடிச் சீக்கிரம் தேய்ந்துபோகும். பூஸ்டர் வாயில் இருக்கும் ஒருவழி வால்வு அப்படியே இருக்கட்டும். பம்புக்குத் தனி ஃபியூஸ் போட்டு 12 வோல்ட் பேட்டரியிலிருந்தே மின்சாரம் கொடுங்கள். ஓடும்போது மோட்டாருக்கான பெரிய பேட்டரி துண்டிக்கப்பட்டாலும் பிரேக் பிடிக்க வேண்டுமே!

அப்புறம் சோதனை. பம்பை அணைத்துவிட்டு, மிதி இறுகும்வரை நாலைந்து தடவை மிதியுங்கள். அழுத்திப் பிடித்தபடியே பம்பை ஓடவிட்டால் மிதி காலுக்கடியில் கொஞ்சம் இறங்க வேண்டும். இறங்கவில்லையா, ஹோஸ் இணைப்புகளில் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள்.

மோட்டாரே வேகத்தைக் குறைத்து பேட்டரியை சார்ஜ் செய்யும் ரீஜென் பிரேக்கை நம்பி இதைத் தள்ளிப்போட வேண்டாம். பேட்டரி முழு சார்ஜில் இருக்கும்போது அது அநேகமாகக் கைவிட்டுவிடும். மிதி சரியாகும்வரை வண்டியைச் சாலையில் இறக்காதீர்கள்.