எட்டெட்டு அறுபத்து நாலு

அன்புள்ள சார்,

என் மகன் ஒன்பதாம் வகுப்பு, இங்கிலீஷ் மீடியம். ஆறாம் வகுப்பு வரை கணக்கில் 90க்குக் குறைந்ததில்லை. ஏழில் 70, எட்டில் 50, இந்தக் காலாண்டில் 31. "அல்ஜீப்ரா எனக்கு வராதும்மா" என்கிறான். பள்ளியில் கேட்டால், "எடுத்துக்காட்டுக் கணக்குகளைத் தினமும் எழுதிப் பார்க்கச் சொல்லுங்க, பத்தாவதில் பாஸ் ஆயிடுவான்" என்கிறார்கள். நான் பத்தாவது வரை தமிழ் மீடியம். அவன் புத்தகத்தைத் திறந்தாலே எனக்குப் பயமாக இருக்கிறது. சில பேருக்குக் கணக்கு வரவே வராதா? டியூஷனில் சேர்க்கட்டுமா?

ஒரு வாசகி, திண்டுக்கல்

அன்புள்ள வாசகிக்கு,

பள்ளியில் சொன்னது பொய்யில்லை. பத்தாம் வகுப்புக் கணிதத்தில் 100க்கு 35 எடுத்தால் தேர்ச்சி. கேள்வித்தாளின் கடைசிப் பகுதியில் வடிவியலுக்கு 8, வரைபடத்துக்கு 8. தொடுகோடு வரையக் கை பழகி, வரைபடத்தாளில் புள்ளி வைக்கவும் தெரிந்துவிட்டால் 16 மதிப்பெண் கிடைத்துவிடும். மீதியை ஒரு மதிப்பெண் கேள்விகளிலும் மனப்பாடத்திலும் தேற்றலாம். நானே அப்படித் தேறியவன்தான். பதினொன்றாம் வகுப்பில் முதல் மாதமே மாட்டிக்கொண்டேன் என்பது வேறு கதை.

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது அந்த 31 இல்லை. ஏழாம் வகுப்பில் குறைந்தது பாருங்கள், 20 மதிப்பெண், அதுதான். 90 எடுத்துக்கொண்டிருந்த பிள்ளைக்கு ஒரே வருடத்தில் மூளை மழுங்கிவிடாது. அங்கே பாடம் மாறுகிறது. ஆறாம் வகுப்பின் கடைசிப் பருவத்தில் முழுக்கள், அதாவது மைனஸ் எண்களும் சேர்ந்த முழு எண்கள், வருகின்றன. ஏழாம் வகுப்பு தொடங்கியதுமே அவற்றைப் பெருக்கி வகுக்க வேண்டும். கூடவே, எண் இருந்த இடத்தில் எழுத்து வந்து உட்கார்ந்துகொள்கிறது. குறிகளெல்லாம் பழையவைதான், ஆனால் அவை செய்கிற வேலை வேறு.

சமக்குறியையே எடுத்துக்கொள்ளுங்கள். போன விடுமுறையில் ஏழாம் வகுப்புப் படிக்கும் அக்கா மகளிடம் 8 + 4 = ___ + 5 என்று எழுதிக் கொடுத்தேன். இரண்டு பக்கமும் சமமாக அங்கே வர வேண்டியது 7. அவள் யோசிக்காமல் கோட்டில் 12 என்று நிரப்பினாள். "அப்போ அந்த 5?" என்றேன். "அது சும்மா இருக்கு மாமா." ஐந்தாறு வருடமாகச் சமக்குறிக்கு வலப்பக்கம் விடையை மட்டுமே எழுதி வந்தவளுக்கு அந்தக் குறி 'விடை போடு' என்கிற கட்டளைதான். 1557இல் இந்தக் குறியை முதன்முதலாக அச்சேற்றிய ராபர்ட் ரெக்கார்டு, இரண்டு இணைகோடுகளைவிடச் சமமானது எதுவும் இருக்க முடியாது என்று காரணம் சொன்னார். தராசின் இரண்டு தட்டு என்று வைத்துக்கொள்ளுங்களேன். அது மனதில் விழாத பிள்ளைக்கு "அந்தப் பக்கம் போனா மைனஸ் ஆயிடும்" என்பது வெறும் மந்திரம். எக்ஸ் + 5 = 12 என்பதில் 5 எங்கேயும் போவதில்லை. இரண்டு தட்டிலிருந்தும் ஐந்து ஐந்தாக எடுக்கிறோம், அவ்வளவுதான்.

அப்புறம் மைனஸ். "மைனஸ் இன்டு மைனஸ் ஏன் சார் பிளஸ்?" என்று எட்டாம் வகுப்பில் கேட்டதற்கு மணி அடிக்கும் வரை பெஞ்சு மேல் நின்றிருக்கிறேன். இத்தனைக்கும் அது மட்டமான கேள்வி இல்லை. நம் நாட்டுக் கணித அறிஞர் பிரம்மகுப்தர் 628இலேயே கடன், சொத்து என்று பெயர் வைத்து இந்த விதிகளை எழுதிவிட்டார். ஆனால் 1758இல்கூட இங்கிலாந்தில் பிரான்சிஸ் மசேரஸ் என்பவர், கழித்தலுக்குத் தவிர இந்தக் குறியே வேண்டாம் என்று ஒரு நூல் போட்டார். கடன் உதாரணம் கூட்டல் கழித்தலுக்கு அருமையாக உதவும். பெருக்கலுக்குக் காலை வாரிவிடும். கடனைக் கடனால் பெருக்குவது எந்த அடகுக்கடையில் நடக்கிறது?

அதனால் மகனை இப்படிச் செய்யச் சொல்லுங்கள். 8ஐ 10 − 2 என்று எழுதட்டும். எட்டெட்டு என்பது (10 − 2) × (10 − 2). பத்துப் பத்து நூறு. பத்தை மைனஸ் 2ஆல் பெருக்கினால் மைனஸ் 20, அது இரண்டு தடவை வரும். நூறில் நாற்பது போக 60. மிச்சம் இருப்பது மைனஸ் 2 இன்டு மைனஸ் 2 மட்டும். அது மைனஸ் 4 என்றால் விடை 56. பிளஸ் 4 என்றால் 64. எட்டெட்டு எத்தனை என்று அவனுக்கு மூன்றாம் வகுப்பிலிருந்தே தெரியும். அக்கா மகள் இதைப் பார்த்துவிட்டு, "அப்போ வேற வழியே இல்லையா?" என்றாள், ஏதோ அநியாயம் நடந்துவிட்ட மாதிரி.

இதே நான்கு பெருக்கலைத்தான் அவன் (a − b)² = a² − 2ab + b² என்று, முற்றொருமை என்ற பெயரில் இப்போது மனப்பாடம் செய்துகொண்டிருப்பான்.

காலாண்டு விடைத்தாளை வாங்கிப் பாருங்கள். தப்பான கணக்கில் எந்த வரியில் தப்பு தொடங்குகிறது என்று சிவப்பு மையால் ஒரு புள்ளி வையுங்கள். புள்ளிகளில் பெரும்பாலானவை குறியிலும் அடைப்புக்குறியிலும் பின்னத்திலும்தான் விழும் என்று நினைக்கிறேன். அப்படியானால் டியூஷன் வாத்தியார் ஒன்பதாம் வகுப்புப் பாடத்தை முதலிலிருந்து நடத்தினாலும் காசுதான் வீண். ஏழாம் வகுப்பிலிருந்து தொடங்கச் சம்மதிப்பவர் கிடைத்தால் சேருங்கள்.

அதற்கு முன்னால் நீங்களே உட்கார்ந்து பார்க்கலாம். அரசுப் பாடநூல்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஏழாம் வகுப்புப் புத்தகத்தை இரண்டு மொழியிலும் எடுத்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கணக்கு ஒன்றேதான். நீங்கள் 'முழுக்கள்' என்று படிக்க, அவன் 'இன்டிஜர்ஸ்' என்று படிக்கட்டும்.

அந்த 64ஐப் பார்த்துவிட்டு என்ன சொன்னான் என்று எழுதுங்கள்.