ரைசன் 5 5600 பிராசசர், ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டு: மதுரையில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்ய எத்தனை வாட் எஸ்எம்பிஎஸ் (உள்ளே மின்சாரம் தரும் பெட்டி) வாங்கலாம்?

இந்த ரைசனுக்கு 65 வாட், 4060-க்கு 115 வாட். மற்றதெல்லாம் சேர்த்தாலும் 300-ஐத் தாண்டுவது அபூர்வம். 4060-ஐத் தயாரிக்கும் என்விடியா 550 வாட் எஸ்எம்பிஎஸ் என்கிறது, அதையே வாங்குங்கள். 750 எல்லாம் வீண் செலவு.

வாட்டைவிட முக்கியம், எஸ்எம்பிஎஸ்ஸின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் லேபிள். பிராசசரும் கார்டும் மின்சாரம் எடுப்பது பெரும்பாலும் 12 வோல்ட்டில்தான். 12 வோல்ட்டுக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 45 என்றால், 12-ஆல் பெருக்க 540 வாட், நேர்மையான சரக்கு. அங்கே 18 ஆம்பியர் போட்டுவிட்டு மேலே 450 வாட் என்று கொட்டை எழுத்தில் அடித்திருந்தால், டவுன்ஹால் ரோட்டில் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வைத்துவிட்டு வாருங்கள். கணக்குப்படி அதில் 12 வோல்ட்டில் கிடைப்பது 216 வாட்தான். கேபினட்டோடு சும்மா வருவதில் இந்த ரகம் நிறைய.

அப்புறம், நம்ம ஊர் வெயில். முழு வாட்டையும் 40 டிகிரி வரைதான் தருமா, 50 வரை தருமா என்று கேட்டு, 50 உள்ளதை எடுங்கள். மின்சிக்கனத்துக்கான சான்றில் 80 பிளஸ் பிரான்ஸ் போதும்.