'ஆம்பளைப் பையன், பிழைச்சுக்குவான்' என்று விட்டுவிடாதீர்கள்

அன்புள்ள அம்மா,

பத்தாம் வகுப்பில் மகன் கணக்கில் மட்டும் தவறிவிட்டான், அவன் அப்பா திருப்பூர் பனியன் கம்பெனியில் கைமடிக்க (டெய்லருக்கு உதவியாகத் துணி மடித்துக் கொடுக்க) சேர்த்துவிடலாம் என்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். 'ஆம்பளைப் பையன், எங்கே போனாலும் பிழைச்சுக்குவான்' என்றாராம். கேட்பதற்கு நம்பிக்கை மாதிரி இருக்கிறது. ஆனால் பதினைந்து வயதுப் பிள்ளையை 'இனி உன் பாடு' என்று தனியே விடுகிற பேச்சு அது.

2025 பத்தாம் வகுப்புத் தேர்வில் மாணவிகள் 95.88 சதவீதம் தேறினார்கள், மாணவர்கள் 91.74. பையன்களுக்கு மூளை குறைவு என்று நான் ஒருநாளும் நம்பமாட்டேன். எட்டாம் வகுப்பு தாண்டியதும் பல பையன்கள் சந்தேகம் கேட்பதையே நிறுத்திவிடுகிறார்கள். கேட்டால் 'படிப்ஸ்' என்று கிண்டல். வீட்டுப்பாடம் எழுதாமல் திட்டு வாங்கினால் கெத்து. அழுதால் 'பொம்பளை மாதிரி அழாதே'. ஆறாம் வகுப்பில் பின்னம் புரியாமல் போனவன் அதை வெளியே சொல்ல வெட்கப்பட்டே பத்தாம் வகுப்பு வரை வந்துவிடுகிறான்.

முதல் வேலையாக, பள்ளிக்குப் போய்த் துணைத் தேர்வுக்கு விண்ணப்பியுங்கள். கணக்கு மட்டும் எழுதினால் போதும்; 35 எடுத்துவிட்டால் இந்த ஆண்டே பிளஸ் ஒன் சேரலாம். கல்லூரி படிக்கும் அவன் அக்காவே சொல்லித் தரட்டும். 'பொட்டப்புள்ளகிட்ட பாடம் கேக்கறியா' என்று வீட்டில் யாரும் வாய் தவறியும் சொல்லிவிடக் கூடாது.

வீட்டு மோட்டாரை அவனே கழற்றி மாட்டுவான் என்கிறீர்களே, அவனுக்கு ஐடிஐ எனும் தொழிற்பயிற்சி நிலையம் நல்ல வழி. வயர்மேன் பிரிவுக்கு எட்டாம் வகுப்பே போதும். ஆனாலும் பத்தாவதை முடிக்கச் சொல்கிறேன்: முடித்தால் எலக்ட்ரீஷியன் சேரலாம், இரண்டாண்டு ஐடிஐக்குப் பிறகு பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டுக்கும் போகலாம். அரசு ஐடிஐயில் மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. அரசுப் பள்ளியில் படித்தவன் என்பதால் 2024இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தின் மாதம் 1000 ரூபாய்க்கும் விண்ணப்பிக்கலாம்.

அவன் அப்பாவோடு சண்டை வேண்டாம். கைமடித்து, டெய்லராகி, குடும்பத்தை நிமிர்த்தியவர்கள் நிறையப் பேர்; அந்த உழைப்பில் குறைவு ஒன்றும் இல்லை. அதே கம்பெனியில் மெஷின் நின்றுவிட்டால் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று மட்டும் அவரிடம் கேளுங்கள். அந்த ஆளாக நம் பையன் உள்ளே போகலாமே.

மூன்று நாளாக அவன் யாரிடமும் பேசவில்லை என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு முதலில் பட்டது அதுதான். இன்று இரவு அவனைத் தனியே படுக்க விடாதீர்கள். மார்க்கைப் பற்றிப் பேசாமல் பக்கத்தில் உட்காருங்கள். அழுதால் அழட்டும். அவன் அப்பாவும் கூட வந்து உட்கார்ந்தால் இன்னும் நல்லது.