நைஜீரியக் கால்பந்து வீரர் விக்டர் ஓசிமென் ஜெர்மனியில் சோபிக்கவில்லையே, அப்புறம் எப்படி 2022-23 இத்தாலி லீக்கில் அதிக கோல் அடித்தவர் ஆனார்?

பெல்ஜியம்தான் காப்பாற்றியது. நைஜீரியாவின் லாகோஸ் நகர நெரிசலில் நிற்கும் வண்டிகளுக்கு நடுவே ஓடித் தண்ணீர் பாக்கெட் விற்ற பையன் அவர். 2015-இல் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் 10 கோல் அடித்தார். அதை நம்பி வாங்கிய ஜெர்மன் கிளப் வொல்ஃப்ஸ்பர்க்குக்காக லீக்கில் ஒரு கோல்கூட இல்லை. காயம் ஒருபக்கம், மலேரியா வேறு. பெல்ஜியத்தில் இரண்டு கிளப்புகள் சோதித்துப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றன. கடைசியில் ஷார்லெருவா என்ற இன்னொரு பெல்ஜிய கிளப் அவரைத் தற்காலிகமாகக் கடனுக்கு எடுத்தது. 2018-19 சீசனில் 20 கோல். என்னைக் கேட்டால், வாராவாரம் ஆட இடம் கிடைத்த அந்த சீசன்தான் திருப்புமுனை.

பிறகு பிரான்ஸின் லீல் கிளப், 2020-இல் இத்தாலியின் நாப்போலி. 2021-இல் இன்னொரு இத்தாலிய கிளப்பான இன்டரின் வீரரோடு மோதி முகத்து எலும்பு உடைந்தது. அவர் ஆடும்போது அணியும் கறுப்பு முகமூடி அப்போது வந்ததுதான். 2022-23-இல் 26 கோல், லீக்கிலேயே அதிகம். நாப்போலிக்கு 33 ஆண்டுகளுக்குப் பின் லீக் பட்டம். அடுத்து துருக்கியின் கலாட்டாசராய். அங்கும் முதல் சீசனிலேயே லீக்கில் 26.