ஜன்னல் மூலையில் சாய்வான விரிசல், கீழே உப்புப் பூத்த சுவர்

புதுச்சேரியில் உள்ள உங்கள் பழைய வீட்டில் ஜன்னல் மூலையில் விரிசல், சிமெண்ட் பூசிய சுவரின் கீழே உப்பு, என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். இரண்டும் வேறு வேறு சிக்கல், குழப்பிக்கொள்ளாதீர்கள். புதுச்சேரியின் பழைய செங்கல் வீடுகள் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியவை. நீங்கள் சொல்வதுபோல் அதன்மேல் சிமெண்ட் பூசியிருந்தால், தரையிலிருந்து ஏறும் ஈரம் வெளியேற வழியில்லாமல் உப்போடு சேர்ந்து செங்கல்லையே அரித்துவிடும், அதனால் அந்தச் சிமெண்ட் பூச்சைக் கொத்தி எடுத்து, சுவரைக் காயவிட்டு, சுண்ணாம்பிலேயே பூசச் சொல்லுங்கள் (செலவு கூடத்தான், கொத்தனாரும் முணுமுணுப்பார்).

சாய்வான விரிசல் பெரும்பாலும் அஸ்திவாரம் ஒரு பக்கம் இறங்குவதால் வருவது. விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை இருபுறமும் அழுத்தி ஒட்டித் தேதி எழுதி வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்தும் உடையாவிட்டால் அவசரமில்லை. கண்ணாடி உடைந்தாலோ சுவர் பிதுங்கினாலோ, மெட்ராஸ் டெரஸ் கூரையின் (மர உத்திரங்களின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய கனமான கூரை) எடையை அந்தச் சுவர் தாங்கிக்கொண்டிருக்கலாம் என்பதால், உடனே முட்டுக் கொடுத்துவிட்டுக் கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். அப்புறம், அந்த மூலையில் மழைநீர்க் குழாய் ஒழுகுகிறதா, பார்த்தீர்களா?