செவ்வாய்க்குப் போக ஓரியனை மாற்றினால் போதுமா?

கேள்வி: பொகவந்தலாவைப் பக்கம் ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். கண்காட்சிக்கு உயர்தர மாணவர்கள் செவ்வாய்ப் பயண மொடல் செய்கிறார்கள். கற்பனைக் கலம் வேண்டாம், இப்போது இருக்கும் விண்கலங்களான நாசாவின் ஓரியனையோ ஸ்பேஸ்எக்ஸின் டிராகனையோ மாற்றி நான்கு பேரை அனுப்புவதாகக் காட்டுவோம் என்று நிற்கிறார்கள். எதை மாற்றவேண்டும், எதை அப்படியே விடலாம்?

பதில்: பிள்ளைகள் நிற்கட்டும் டீச்சர், அது நல்ல பிடிவாதம். பெரிய பொறியியலாளர்களே இதே வழியில் யோசித்திருக்கிறார்கள். 1967இல் அப்பல்லோவுக்கென்று செய்த கருவிகளைக் கொண்டே மூன்று பேரை வெள்ளிக் கிரகத்தைக் கடந்து திரும்பிவர அனுப்பலாமா என்று நாசாவுக்காக ஆராய்ந்தார்கள். எரிபொருள் தீர்ந்த ரொக்கெட் கட்டத்தின் வெற்றுத் தாங்கியையே வீடாக்குவது அந்தத் திட்டம். 2013இல் டெனிஸ் டீட்டோ என்ற அமெரிக்கச் செல்வந்தர், ஒரு கணவன் மனைவியை 501 நாளில் செவ்வாயைக் கடந்து திரும்பிவரச் செய்யத் திட்டம் போட்டார். முதல் வரைவில் அவர் எடுத்துக்கொண்டது டிராகனைத்தான். இரண்டு திட்டமுமே பறக்கவில்லை. ஆனால் கணக்குகள் நமக்கு உதவும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுங்கள். ஓரியனும் டிராகனும் ஆட்களை ஏற்றி இறக்கும் கலங்கள், குடியிருக்கும் வீடுகள் அல்ல. ஓரியன் நான்கு பேரை 21 நாள் வைத்திருக்கும் அளவில் வடிவமைக்கப்பட்டது. டிராகன் மாதக்கணக்கில் விண்வெளியில் நிற்கிறதே என்று யாராவது கேட்பார்கள். அது சர்வதேச விண்வெளி நிலையத்தோடு இணைந்து நிற்கும்போது. அப்போது ஆட்கள் நிலையத்தில்தான் வாழ்கிறார்கள். 2024இல் போலாரிஸ் டோன் என்ற தனியார் பயணத்தில் அது தனியாகப் பறந்தது ஐந்தே நாள். ஆகவே கலத்தை இழுத்துப் பெரிதாக்க முயலவேண்டாம். ஓரியனைத் திரும்பி வந்து இறங்குவதற்கு மட்டும் வைத்துக்கொண்டு, அதன் மூக்கில் ஒரு வீட்டை இணையுங்கள்.

வீட்டுக்கு நான் சொல்வது சிக்னஸ் சரக்குக் கலத்தின் உருளை. நிலாவைச் சுற்றவிருந்த கேட்வே நிலையத்தின் குடியிருப்பு அறையைச் சிக்னஸிலிருந்துதான் வடிவமைத்தார்கள். இப்படியான மாற்றத்தை உண்மையிலேயே செய்தும் காட்டியிருக்கிறார்கள். லியோனார்டோ என்ற இத்தாலியச் சரக்குப் பெட்டகம் பல தடவை நிலையத்துக்குச் சாமான் கொண்டுபோய்த் திரும்பியது. அப்புறம் அதையே மாற்றி, 2011இல் நிலையத்தின் நிரந்தர அறையாக்கினார்கள். வெளியே நுண்கற்கள் மோதினால் தாங்குவதற்கு மேலும் கவசம் போட்டார்கள். உள்ளே இருக்கிறவர்கள் கைவைத்துத் திருத்தக்கூடியதாகக் கருவிகளை எட்டும் இடத்துக்குக் கொண்டுவந்தார்கள். இந்த இரண்டாவது மாற்றத்தை மொடலில் கட்டாயம் காட்டுங்கள். ஒரு சுவர்ப் பலகையைக் கழற்றி, பின்னால் இருக்கும் குழாயும் வால்வும் தெரியும்படி விடுங்கள்.

காரணம் இதுதான். ஒருவருக்குக் குடிக்கவும் சாப்பாட்டுக்குமாக நாளுக்கு மூன்று லீற்றர் தண்ணீர் என்று வைத்தால், நான்கு பேருக்கு டீட்டோ கணக்கிட்ட 501 நாளில் ஆறு தொன். உணவு, பொதியோடு சேர்த்து ஆளுக்கு நாளொன்றுக்கு 1.8 கிலோ வரும். அது 3.6 தொன். உணவைத் திரும்ப எடுக்க முடியாது. தண்ணீரை எடுக்கலாம்: சர்வதேச விண்வெளி நிலையத்தில் சிறுநீர், வியர்வை, மூச்சு ஈரம் எல்லாவற்றையும் சுத்திகரித்து 98 வீதம் மீட்கலாம் என்று 2023இல் காட்டினார்கள். ஆனால் 2024இல் அங்கே சிறுநீர் சுத்திகரிக்கும் தொகுதியின் பம்பி ஒன்று பழுதானது. பதிலுக்கு ஏறத்தாழ 70 கிலோ பம்பியை அடுத்து வந்த ஸ்டார்லைனர் என்ற ஆட்களை ஏற்றும் கலத்தில் ஏற்றினார்கள். இடம் பற்றாமல் விண்வெளி வீரர்களின் உடுப்புப் பெட்டிகளையே இறக்கவேண்டி வந்தது.

செவ்வாய்ப் பாதையில் அடுத்த கலம் என்று ஒன்று வராது. கொழும்பிலிருந்து பாகம் வரும்வரை மெஷினை நிறுத்திவைக்க முடியாமல் சொந்தப் பட்டறை வைத்திருக்கும் பழைய தேயிலைத் தொழிற்சாலை மாதிரி, உதிரிப்பாகமும் திருத்தும் கருவிகளும் கூடவே போகவேண்டும். என்னைக் கேட்டால், மொடலில் ஐந்தில் ஒரு பங்கு இடத்தையாவது உதிரிப்பாகத்துக்கு ஒதுக்கச் சொல்வேன். எந்தப் பம்பி, எந்த வடிகட்டி, எத்தனை என்று பிள்ளைகள் பட்டியல் போடட்டும். கண்காட்சியிலேயே மதிப்புள்ள வேலை அதுவாகத்தான் இருக்கும்.

சும்மா நிற்கும் கலமும் வயதாகும். ரஷ்யாவின் சோயுஸ் கலத்தின் இறங்கு பெட்டகத்தைத் திருப்பும் சிறு உந்திகள் ஐதரசன் பேரொட்சைட்டில் இயங்குகின்றன. அந்தத் திரவம் நாளடைவில் தானாகவே சிதைகிறது. அதனால் சோயுஸை ஏறத்தாழ 200 நாளுக்கு மேல் வைத்திருப்பதில்லை. ஓரியனோ வழியெல்லாம் தூங்கிவிட்டு ஒன்றரை வருடம் கழித்து ஒரே நாளில் பிசகாமல் வேலை செய்யவேண்டும். வால்வு, இறப்பர் முத்திரை, மின்கலம் எல்லாம் அதற்கேற்ப மாறவேண்டும்.

வெப்பக்கவசத்தை அப்படியே விட முடியாது. நிலாவிலிருந்து வரும் கலம் விநாடிக்கு 11 கிலோமீற்றர் வேகத்தில் காற்றுமண்டலத்தில் நுழைகிறது. டீட்டோவின் பாதையில் அது 14 கிலோமீற்றருக்கும் மேல். இயக்கசக்தி வேகத்தின் வர்க்கத்துக்கு விகிதசமன் என்பதைப் பிள்ளைகளே போட்டுப் பார்க்கட்டும்: ஒன்றரை மடங்கைத் தாண்டும். 2022இல் ஆர்ட்டெமிஸ் 1 என்ற ஆளில்லாப் பயணத்தில் ஓரியன் நிலாவுக்குப் போய்த் திரும்பியபோது, அந்த 11 கிலோமீற்றர் வேகத்துக்கே அதன் கவசத்தில் கருகிய துண்டுகள் பெயர்ந்தன. உள்ளே உண்டான வாயு வெளியேற வழியில்லாமல் அழுத்தம் ஏறியதே காரணம்.

கதிர்வீச்சை முழுதாகத் தடுக்க இன்று வழியில்லை. கியூரியோசிட்டி என்ற ஊர்தி செவ்வாய்க்குப் போகும் வழியில் அளந்தது நாளுக்கு 1.8 மில்லிசீவேட் (உடலில் படும் கதிர்வீச்சின் அலகு). 501 நாளில் ஏறக்குறைய 900. நாசா ஒருவருக்குத் தொழில்வாழ்க்கை முழுவதற்கும் வைத்திருக்கும் எல்லை 600. இதை ஒளிக்காமல் பலகையில் எழுதுங்கள். சூரியப் புயலுக்கு மட்டும் ஒதுங்க இடம் செய்யலாம்: படுக்கை அறையைச் சுற்றித் தண்ணீர்ப் பைகளையும் உணவுப் பொதிகளையும் அடுக்கவேண்டும். உணவு குறையக் குறைய அந்த இடத்தைக் கழிவுப் பைகளால் நிரப்பலாம். ஐதரசன் கூடிய பொருள்கள் இதற்கு அலுமினியத்தைவிட நல்லவை.

தரையிறக்கம் வேண்டாம். செவ்வாயின் காற்று பூமியில் இருப்பதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. இதுவரை அங்கே பத்திரமாக இறக்கிய ஊர்திகளில் பாரமான பெர்சிவியரன்ஸே ஒரு தொன்தான். கடந்துபோய்த் திரும்பும் பயணத்தையே காட்டுங்கள்.

உருளைக்கு ரெஜிபோமும் காட்போட்டும் போதும். பக்கத்து மேசையில் நான்கு பேரின் ஒருநாள் பங்கை உண்மையாகவே வையுங்கள்: 12 லீற்றர் தண்ணீர், 7.2 கிலோ உணவு. மின்சாரத்துக்கு ஒரு குறிப்பு: செவ்வாயருகில் சூரிய ஒளி இங்கே கிடைப்பதில் 43 வீதம், ஆகவே ஓரியனின் நான்கு சூரியத்தட்டுகளையும் அப்படியே ஒட்டிவிடாமல் வீட்டுக்கும் தனியாகப் பெரிய தட்டுகள் பொருத்துங்கள்.