பிரேத அறையில் வேலை செய்யும் கணவர்

கேள்வி: என் கணவர் ஆஸ்பத்திரியில் கனிஷ்ட ஊழியர். சில மாதங்களாகப் பிரேத அறையில் போட்டிருக்கிறார்கள். பிரேத பரிசோதனையின்போது டொக்டருக்கு உதவி செய்கிறார். வேலை முடிந்து வந்தால் மாமியார் வாசலிலேயே நிற்க வைக்கிறார், பிள்ளைகளைத் தொட விடுவதில்லை. "இன்னொரு கொரோனா வந்தா மொதல்ல இவன்தான்" என்று லயத்தில் பேசுகிறார்கள். வேறு பிரிவுக்கு மாற்றம் கேட்கச் சொல்லவா?
– பெயர் வேண்டாம், ஹட்டன்

பதில்:

அன்பின் சகோதரி,

லயத்துப் பேச்சுக்காக மாற்றம் கேட்க வேண்டாம். பயப்பட வேண்டிய விஷயங்கள் அந்த அறையில் உண்டு. ஆனால் உங்கள் மாமியார் பயப்படுவது வேறு எதற்கோ.

சும்மா கிடத்தியிருக்கும் சடலம் இருமாது, தும்மாது, பேசாது. கொரோனா போன்ற நோய் பெரும்பாலும் மூச்சுக்காற்று வழியாகவே பரவுகிறது. கொவிட்டால் இறந்தவரின் சடலத்திலிருந்து யாருக்கும் தொற்றியதாக அதுவரை சான்றில்லை என்று 2020 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. அடுத்த மாதமே, பாங்கொக்கில் சட்ட மருத்துவ ஊழியர் ஒருவருக்குத் தொற்றியதாக மருத்துவ சஞ்சிகை ஒன்றில் கடிதம் வந்தது. பிணத்திலிருந்து பரவிவிட்டது என்று உலகமெங்கும் செய்தி போட்டார்கள். சடலத்திலிருந்துதான் வந்தது என்று அந்தக் கடிதத்தில் நிரூபணம் எதுவும் இல்லை. கூட வேலை செய்தவரிடமிருந்தோ, பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவரிடமிருந்தோகூட வந்திருக்கலாம். நம் இலங்கையில் கொவிட்டால் இறந்தவர்களைத் தகனம் செய்வது 2020 ஏப்ரலில் கட்டாயமாக்கப்பட்டது. அடக்கம் செய்ய மீண்டும் அனுமதி கிடைக்க 2021 பெப்ரவரி ஆயிற்று. அடக்கம், தகனம் இரண்டும் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும் நடந்தது இது. அந்தப் பயத்தின் மிச்சம்தான் இன்னும் உங்கள் வாசலில் நிற்கிறது.

சடலத்தைத் திறக்கும்போது கதை மாறுகிறது. மரணத்துக்குப் பின்னும் தொண்டையிலும் நுரையீரலிலும் உயிர்ப்புள்ள வைரஸ் இருக்க முடியும். மண்டையோட்டை மின் வாளால் அறுத்தால் கண்ணுக்குத் தெரியாத துகள்கள் அறை முழுக்கப் பறக்கும். குழாயை வேகமாகத் திறந்து மேசையைக் கழுவினாலும் தெறிக்கும். அதனால்தான் தொற்றுக் காலத்தில் அவசியமில்லாமல் மண்டையைத் திறப்பதில்லை, திறந்தால் கைவாளையோ தூசியை உறிஞ்சும் கருவி பூட்டிய வாளையோ எடுக்கிறார்கள். அந்த நேரம் நுண்துகளைத் தடுக்கும் N95 முகக்கவசமும் கண்ணை மூடும் கவசமும் வேண்டும். துணி மாஸ்க் அங்கே ஒன்றுக்கும் உதவாது.

சட்ட வைத்திய அதிகாரியின் மேசைக்கு வரும் சடலத்துக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. வார்டில் இறந்தவருக்கு என்ன நோய் என்று கட்டிலருகே எழுதியிருக்கும். குளவி கொட்டி மலையில் விழுந்தவர், பூச்சிமருந்து குடித்தவர், ராத்திரி படுத்து விடிய எழும்பாதவர், இவர்களுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? கொரோனா இல்லாத காலத்திலும் காசநோய் (டி.பி.) இருக்கலாம். என்னைக் கேட்டால், பிரேத அறை ஊழியர் வருஷம் முழுக்கப் பயப்பட வேண்டியது காசத்துக்குத்தான். அதுவும் காற்றில்தான் பரவும். குளிருக்காக நுவரெலியாப் பக்கம் எல்லா ஜன்னலையும் சாத்தி வைக்கும் பழக்கம் பிரேத அறைக்கு ஆகவே ஆகாது. மணிக்குக் குறைந்தது 6 தடவையாவது அறைக்காற்று முழுவதும் மாற வேண்டும் என்பது பொதுவான அளவு.

அடுத்தது கத்தி. 1847இல் வியன்னாவில் கொலெச்கா என்ற சட்ட மருத்துவப் பேராசிரியர், பிரேத பரிசோதனையில் மாணவன் ஒருவனின் கத்தி விரலில் பட்டு, இரத்தத்தில் நஞ்சேறி இறந்தார். பிணத்திலிருந்து ஒட்டுவது ஆளைக் கொல்லும் என்று அது காட்டியது, இன்று நாம் கை கழுவுவதை இவ்வளவு பெரிதாகப் பேசுவதற்கு அந்த மரணமும் ஒரு காரணம். தடுப்பூசி போடாதவருக்கு, ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி உள்ளவரின் இரத்தம் பட்ட ஊசி குத்தினால், தொற்றும் வாய்ப்பு 100க்கு 30 வரை போகலாம். எச்.ஐ.வி. என்றால் 1000க்கு 3 அளவுதான். இரண்டு சோடி கையுறை, நடுவில் வெட்டுப்படாத கையுறை ஒன்று என்று போடுவது இதற்காகத்தான். வெட்டுப்பட்டால் ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும், நசுக்கவோ வாயில் வைக்கவோ கூடாது. உடனே பொறுப்பதிகாரிக்குச் சொல்லவும் வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும், எவ்வளவு முந்துகிறதோ அவ்வளவு நல்லது. "சின்னக் கீறல்தானே" என்று மறைக்கும் ஆம்பிளைகள்தான் எனக்குக் கவலை.

ஆகவே இன்றிரவு அவரிடம் கேளுங்கள்: ஹெபடைடிஸ் பி ஊசி மூன்றும் போட்டாயிற்றா? போட்ட பிறகு இரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி பார்த்தார்களா? உங்கள் முகத்துக்குப் பொருந்துகிற முகக்கவசம் தருகிறார்களா? தேத்தண்ணி எங்கே குடிக்கிறீர்கள்? கடைசிக் கேள்வியைச் சும்மா கேட்கச் சொல்லவில்லை. கவசமெல்லாம் கழற்றிவிட்டு நாலு பேர் ஒரு சின்ன அறையில் நெருங்கியிருந்து சாப்பிடும்போது பரவுவதற்குப் பிணம் தேவையில்லை. ஊசியோ முகக்கவசமோ கிடைக்கவில்லை என்றால் ஆஸ்பத்திரியில் தொற்றுக் கட்டுப்பாட்டுத் தாதி இருப்பார், அவரிடம் போகலாம். கேட்டும் தரவில்லை என்றால் அப்போது மாற்றம் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

வீட்டுக்கு வருமுன் அங்கேயே குளித்து, உடை மாற்றி, வேலைச் செருப்பை அங்கேயே விட்டு வரட்டும். வேலை உடுப்பை லயத்துப் பீலியில் எல்லாரோடும் சேர்த்துத் துவைக்க வேண்டாம், ஆஸ்பத்திரியில் சலவைக்குப் போடச் சொல்லுங்கள். இவ்வளவும் செய்து வந்தவர் பிள்ளையைத் தூக்கலாம், கொஞ்சலாம். காய்ச்சலோ விடாத இருமலோ இருந்தால் மட்டும், டொக்டர் பார்க்கும்வரை கொஞ்சம் தள்ளியிருக்கட்டும்.

மாமியார் தீட்டு என்று நினைத்து வாசலில் நிறுத்துகிறார் என்றால் அவரோடு வாதாட வேண்டாம். கால் கழுவிவிட்டு உள்ளே வருவது எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான், அதைச் செய்யட்டும். நோய்க்குப் பயந்து என்றால் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை ஒருநாள் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். மருமகள் சொல்லிக் கேட்காததை, பையில் ரெஜிஸ்டரோடு வரும் ஐயா சொன்னால் கேட்பார்.